செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

கணவாய்க்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு சிறு மடம் இருந்தது. அதன் தலைமையில் இருந்தவர் வெள்ளியம்மை. வயது நாற்பத்துமூன்று. அவரிடம் பாடம் கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்திரண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து, முப்பது ஆண்டுக் காலம் வழக்குக் கட்டுகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். வயதில் இளையவரைக் குருவாக ஏற்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பிறர் தவற்றைப் பொறுப்பதில்தான் இருந்தது.

மடத்து வாசலில், சாலையை ஒட்டி, ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி உண்டு. கிழக்கே பத்துக் கல் தொலைவில் செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை கூடும். அங்கே விலைபோன எருமைகளை ஏற்றிய லாரிகள் இவ்வழியாகத்தான் கணவாயைக் கடந்து அடுத்த மாநிலத்துக்குப் போகும். எதற்குப் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

எருமைக்கு வியர்வை குறைவு. கறுத்த தோல் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆகையால் லாரிக்காரர்கள் மடத்து வாசலில் நிறுத்தி, தொட்டியிலிருந்து வாளி வாளியாக எடுத்து அவற்றின் மேல் ஊற்றுவார்கள், குடிக்கவும் கொடுப்பார்கள். வெள்ளியம்மையும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு வாளியைத் தூக்குவார். கடைசி லாரி போகும்வரை அன்றைக்கு அவர் உண்பதில்லை.

பங்குனியில் அவருடைய தமக்கை நோயில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வெள்ளியம்மை இரண்டு மாதம் ஊருக்குப் போயிருந்தார். சித்திரை முடியும் தறுவாயில், ஒரு திங்கட்கிழமை திரும்பினார். பேருந்தை விட்டு இறங்கியதும் தணிகாசலம் எதிர்கொண்டார்.

"அம்மை, நீங்கள் இல்லாதபோது ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன்."

"சொல்லுங்கள், ஐயா."

"நம் வாசலில் இப்போது ஒரு கறி லாரியும் நிற்பதில்லை."

தொட்டிக்கு மேலே ஒரு பலகை நடப்பட்டிருந்தது. வெள்ளைச் சாயத்தின் மேல் கறுப்பு எழுத்து. 'உயிர்க்கொலைக்குத் துணைபோவோரும் ஊன் உண்போரும் இத்தொட்டியில் நீர் எடுக்கலாகாது.'

வெள்ளியம்மை அதை இரண்டு முறை படித்தார்.

"எழுத்து அழகாக இருக்கிறது. என்ன நடந்தது?"

"லாரிக்காரர்கள் நம் வேம்பின் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கோழி எலும்பைத் தொட்டியின் அடியிலேயே போட்டார்கள். லாரியின் மேலே எருமை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வாயில்லாத உயிருக்காக ஒருவராவது வாய் திறக்க வேண்டாமா?"

"வேண்டும்."

"திறந்தேன். கொலைகாரர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு எழுதியும் வைத்தேன்."

"அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் சொன்னதில் பொய் உண்டா, அம்மை?"

வெள்ளியம்மை தொட்டிக்குள் பார்த்தார். நீர் விளிம்புவரை நின்றது. அதன் மேல் பாசி படரத் தொடங்கியிருந்தது.

"எருமைகள் இப்போது வேறு வழியாகப் போகின்றனவா?"

"இல்லை. இதே வழிதான்."

"எங்கே நீர் குடிக்கின்றன?"

"வழியில் எங்காவது குடிக்கும்."

"எங்கே?"

தணிகாசலம் சாலையைப் பார்த்தார். "தெரியாது" என்றார்.

"நாளை செவ்வாய். பார்த்து வந்து சொல்லுங்கள்."

"பலகையை எடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா?"

"நான் அதைக் கேட்கவில்லை, ஐயா."

மறுநாள் காலை தணிகாசலம் சந்தைக்குப் போனார். ஒரு செம்பில் தமக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டார். சந்தையில் அவரைத் தெரியாதவர் இல்லை. முதல் லாரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாமவர், "கொலைகாரன் வண்டில சாமி வரலாமுங்களா? தீட்டாயிருமே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்றாவது லாரியின் ஓட்டுநர் ஆறுக்குட்டி. ஐம்பதை நெருங்கியவர். மடத்து வாசலில் பல ஆண்டுகள் நிறுத்தியவர். அவர் தணிகாசலத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எதுக்குங்க வரோணும்?"

"எருமைகள் எங்கே நீர் குடிக்கின்றன என்று பார்க்க வேண்டும்."

ஆறுக்குட்டி தம்முடன் வந்த சுமையாளைப் பார்த்தார். சுமையாள் வாய்க்குள்ளே சிரித்தார்.

"ஏறுங்க, சாமி. பாத்து உக்காருங்க. நேத்து அந்த சீட்டுல உக்காந்துதான் கோழி தின்னேன். ஒட்டியிருந்தாலும் இருக்கும்."

தணிகாசலம் தோள்துண்டை விரித்து அதன்மேல் அமர்ந்தார்.

"துண்டைத் தொவைச்சுப் போடோணுமுங்க அப்பறம்" என்றார் சுமையாள்.

லாரியில் இருபது எருமைகள் இருந்தன. ஒன்றின் தாடை மற்றொன்றின் முதுகில் கிடந்தது. கொம்புகள் பக்கவாட்டுக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. திரும்புவதற்கும் இடமில்லை. பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

"வழியில் எங்கே நிறுத்துவீர்கள்?" என்று தணிகாசலம் கேட்டார்.

"எங்கீங்க நிறுத்தறது? டீக்கடைல நிறுத்துனா நாத்தமடிக்குதுன்னு தொரத்தறாங்க. பங்க்ல போயிக் குழாய் கேட்டா, வண்டியத் தள்ளி நிறுத்து, தள்ளி நிறுத்துன்னு ரோட்டுக்கே அனுப்பிப்போடறாங்க. ஆத்துல மணல்தான் இருக்குது. கணவாய் தாண்டி செக்போஸ்ட்டுகிட்ட ஒரு கொழாய் இருக்குதுங்க. சாயங்காலம் நாலு ஆயிரும்."

"அதுவரை?"

"அதுவரைக்கும் இல்லீங்க."

தணிகாசலம் தம் செம்பை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

மடம் இடப்பக்கம் வந்தது. லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. ஆயினும் எருமைகளுக்கு நீரின் வாடை எட்டிவிட்டது. பின்னால் ஒரே நேரத்தில் குளம்புகள் தடதடத்தன. இருபதும் இடப்பக்கமாக நெருக்கின. லாரி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. ஏதோ பெரிதாக விழும் ஓசை கேட்டது. சுமையாள் பின்பக்கத்துச் சிறு சன்னலில் பார்த்தார்.

"ஒண்ணு உழுந்திருச்சுங்கண்ணா. ஓரத்துல நின்ன கெடேரி."

"நிறுத்துங்கள்" என்றார் தணிகாசலம். "இங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் இருக்கிறது."

"அந்தப் போர்டுல என்னங்க எழுதியிருக்குது?"

தணிகாசலம் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிச்சவங்க சொல்லித்தான் கேட்டேன். அழகா எழுதியிருக்குதுன்னாங்க. நீங்க எழுதுனதுங்களா?"

"ஆம். நான் எழுதியதுதான். நானே சொல்கிறேன், நிறுத்துங்கள். நானே எடுத்து ஊற்றுகிறேன்."

"சந்தையில எல்லாரும் ஒண்ணா முடிவு பண்ணி வெச்சிருக்கறோமுங்க, அந்த வாசல்ல நிக்கறதில்லைன்னு. நான் ஒருத்தன் நின்னா மத்தவன் என் மூஞ்சில துப்புவான். எங்களுக்கும் சொரணை இருக்குதுங்க, சாமி."

மடம் பின்னால் போய்விட்டது.

இரண்டு கல் தள்ளி, சாலை அகன்ற இடத்தில் ஆறுக்குட்டி லாரியை நிறுத்தினார். நிழல் இல்லை. மூவரும் பின்னால் ஏறிப் பார்த்தார்கள். விழுந்த கிடேரியின், கன்று ஈனாத அந்த இளம் எருமையின், விலாவின் மேல் மற்றோர் எருமை காலூன்றி நின்றது. அதற்கு வேறு இடம் இருக்கவில்லை. கிடேரியின் நாக்கு வெளியே வந்து லாரியின் தரைப் பலகையில் கிடந்தது.

சுமையாள் லுங்கி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மிளகாய்த்தூள். விழுந்த மாட்டின் கண்ணில் அதைத் தேய்ப்பார்கள். எரிச்சல் தாங்காமல் அது எழுந்து நிற்கும்.

"பாவம் செய்கிறீர்கள்" என்றார் தணிகாசலம்.

"ஆமாங்க" என்றார் ஆறுக்குட்டி. "தண்ணி வெச்சிருக்கறீங்களா?"

தணிகாசலம் செம்பை நீட்டினார். அதில் பாதிதான் இருந்தது. ஆறுக்குட்டி மண்டியிட்டு, கிடேரியின் வாயைப் பிரித்து ஊற்றினார். நீர் நாக்கின் மேல் வழிந்து பலகைக்குப் போயிற்று. பிறகு தம்முடைய குடிநீர்ப் புட்டியையும் திறந்து ஊற்றினார். கிடேரி தலையை ஒருமுறை உயர்த்திக் கீழே போட்டது.

"அஞ்சு வருசம் இந்தப் பொட்டலத்தைத் தொடாம இருந்தோமுங்க" என்றார் ஆறுக்குட்டி. "மடத்து அம்மாவாலதான் உட்டோம்."

"கண்டித்தாரா?"

"அவிங்களா? இல்லீங்க. மொதல் நாள் நான் தேச்சதைப் பாத்தாங்க. ஒண்ணும் பேசுல. தண்ணி கொண்டாந்து அதோட கண்ணைக் கழுவுனாங்க. என்னைத் தலையைப் புடிச்சுக்கச் சொன்னாங்க. என் கைக்குள்ள அது துடிச்சுது. அடுத்த வாரம் ஒண்ணு உழுந்தப்ப, தண்ணி ஊத்திக் கால் மணி நேரம் பொறுத்துப் பாக்கலாமான்னு கேட்டாங்க. பொறுத்தோம். தானா எந்திரிச்சு நின்னுது. அப்பறம் இருவது ஏத்தாதீங்க, பதினாறு ஏத்துங்கன்னாங்க. தண்ணி குடுக்கறவங்க சொல்றாங்களேன்னு அதையும் கேட்டோம்."

"இப்போது?"

"இப்ப யாருங்க சொல்றது?"

சுமையாள் பொட்டலத்தைப் பிரித்தார். தணிகாசலம் கண்களை மூடவில்லை. பார்க்க வந்தவர், பார்த்தார். கிடேரி முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பாதியளவு எழுந்து, மேலே நின்றதன் வயிற்றில் இடித்துக்கொண்டு மறுபடியும் விழுந்தது. அதற்குப் பிறகு எழ முயலவில்லை. கணவாயின் ஏற்றம் தொடங்குமுன் இறந்துபோயிற்று.

மடத்துக்கு அவர் திரும்பியபோது மாலை விளக்கு வைத்திருந்தார்கள். வெள்ளியம்மை முற்றத்தில் அமர்ந்திருந்தார். அருகே உணவு மூடி வைக்கப்பட்டிருந்தது.

"எங்கே குடிக்கின்றன, ஐயா?"

"செக்போஸ்ட்டில். நாலேகாலுக்கு."

"எத்தனை?"

"இருபது ஏறின. பத்தொன்பது குடித்தன."

தணிகாசலம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பலகையைப் பிடுங்கினார். தொட்டியின் நீரை இறைத்துவிட்டு, பாசியைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் விட்டார்.

அடுத்த செவ்வாய், காலையிலிருந்தே வாளியும் கையுமாகச் சாலையோரத்தில் நின்றார். பதினோரு லாரிகள் போயின. ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் கடக்கும்போது எருமைகள் இடப்பக்கம் நெருக்கும் ஓசை கேட்டது. பதினோரு முறையும் கேட்டது.

மாலையில் அவர் உள்ளே வந்தார்.

"பலகையை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. ஏன் நிற்கவில்லை, அம்மை?"

"பலகையைத்தானே எடுத்தீர்கள்."

"சொன்னதை எப்படி எடுப்பது?"

"எனக்குத் தெரியாது. சந்தைக்குப் போங்கள்."

"போய்? எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கவா?"

"மன்னிப்பு உங்களுக்கு வேண்டியது. எருமைக்கு வேண்டியது தண்ணீர். தண்ணீர் இருக்கிறது என்று சொல்லுங்கள்."

தணிகாசலம் போனார். லாரி லாரியாக நின்று, "மடத்தில் தண்ணீர் இருக்கிறது" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சந்தை அவரை எளிதில் விடவில்லை.

"எங்க பாவமெல்லாம் போயிருச்சுங்களா, சாமி?"

"நான் கருவாடு தின்னவன். அரை வாளி குடுப்பீங்களா, முழு வாளியா?"

"கோர்ட்டுல இருந்தீங்களாமே. எங்களுக்கு எத்தனை வருசமுங்க?"

அவர் முகம் சிவந்தது. அடுத்த லாரிக்கு நகர்ந்தார். ஒரு வாரம் ஒருவர் அவர் மேல் தேநீரின் மீதத்தைக் கொட்டினார், தவறிப்போய்ப் பட்டதுபோல. அதையும் துடைத்துக்கொண்டு, "மடத்தில் தண்ணீர் இருக்கிறது" என்றார். ஐந்து செவ்வாய்க்கிழமைகள் இப்படிப் போயின. அந்த ஐந்து வாரத்தில் எத்தனை எருமைகள் வழியில் விழுந்தன என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதது அவரை உறங்கவிடவில்லை.

"நான் இங்கே வராமல் இருந்திருந்தால் இவை இப்படிச் செத்திருக்கமாட்டா" என்று ஒருநாள் சொன்னார்.

"இப்படிச் செத்திருக்கமாட்டா" என்றார் வெள்ளியம்மை. "இந்த வழியாகப் போனது ஒன்றும் இதுவரை திரும்பி வந்ததில்லை, ஐயா. நான் பதினான்கு ஆண்டுகளாகப் பார்க்கிறேன்."

அவர் குரலில் அதுவரை தணிகாசலம் கேட்டறியாத ஒரு களைப்பு இருந்தது.

ஆறாவது செவ்வாய் நண்பகலில் ஒரு லாரி வேகம் குறைந்து, மடத்தைத் தாண்டிச் சென்று, பிறகு பின்னோக்கி வந்து நின்றது. ஆறுக்குட்டி இறங்கினார். தொட்டியை நோக்கி வரவில்லை. நேரே வேம்பின் அடிக்குப் போய் உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தைத் தரையில் வைத்துப் பிரித்தார். மசாலா மணம் வாசல்வரை வந்தது.

"சாமி, நான் இங்க உக்காந்துதான் திங்கப் போறேன். என்ன கறின்னு சொல்லட்டுங்களா?"

தணிகாசலம் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். கறுத்த இறைச்சித் துண்டுகள். என்னவென்று சொல்லத் தேவை இருக்கவில்லை.

"எத்தனை ஏற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இருவது."

"இரண்டு வாளி போதாது. உள்ளே பெரியது ஒன்று இருக்கிறது. எடுத்து வருகிறேன்."

வெள்ளியம்மை அதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சுமையாள் மேலே நின்று வாளியை வாங்கினார். தணிகாசலம் தூக்கிக் கொடுத்தார். பத்தாவது வாளியை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. வெந்த தோலின் மேல் நீர் பட்டதும் எருமைகள் முதலில் சிலிர்த்தன; பிறகு அசையாமல் நின்றன. குடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. கம்பிகளுக்கிடையே ஓர் எருமை மூக்கை நீட்டி, தணிகாசலத்தின் ஈரமான முன்கையை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பாதிச் சோற்றில் ஆறுக்குட்டி எழுந்து வந்தார். கையைக் கழுவிக்கொண்டு, தணிகாசலத்தின் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"பெரியவரே, நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

தணிகாசலம் மூச்சு வாங்க லாரியின் முன்புறம் போய்ச் சாய்ந்து நின்றார். திறந்திருந்த கதவின் வழியே உள்ளே பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்தை ஒட்டி, காகிதப் பொட்டலம் இருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொட்டியருகே சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த வெள்ளியம்மையிடம் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நாளை விடியும்போது இந்த இருபதில் ஒன்றும் இருக்காது, அம்மை."

"இருக்காது."

"மிளகாய்ப் பொட்டலம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. பதினாறு ஏற்ற வேண்டிய இடத்தில் இருபது ஏற்றியிருக்கிறான். அவன் என் எதிரே உட்கார்ந்து எருமைக் கறியைத் தின்கிறான். நான் வாளி தூக்கிக்கொண்டிருக்கிறேன். வாயில்லாத உயிருக்காக வாய் திறக்க வேண்டும் என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள்."

"இப்போதும் ஒப்புகிறேன்."

லாரியின் மேலிருந்து சுமையாள், "போதுங்கண்ணா, எல்லாத்துக்கும் வயிறு ரொம்பிருச்சு" என்றார். ஆறுக்குட்டி கடைசி வாளியைத் தம் தலையிலேயே ஊற்றிக்கொண்டு, துண்டால் துடைத்தபடி கதவை நோக்கி நடந்தார்.

"போகப்போகிறான்" என்றார் தணிகாசலம். "நான் அவனிடம் ஒன்றும் சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்கள், ஐயா" என்றார் வெள்ளியம்மை. "எதைச் சொன்னாலும், அடுத்த செவ்வாயும் அவர் இங்கே நிற்கும்படியாகச் சொல்லுங்கள்."